ஒன்பதரை நிமிடம்

பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ பற்றிப் பேச்செடுத்தால் அது எந்தெந்த ஊர் வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அட்டையில் மூக்குத் துளை தெரிய அலறும் அந்தச் சிவந்த முகம். முதல் பாட்டு ‘ஸ்கிட்சாய்ட் மேன்’னின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிதார் துணுக்கு. ‘எபிடாஃப்’ பாட்டில் மெலட்ரான் என்ற டேப் வாத்தியம் எழும்பும் இடம். நீண்ட, சிக்கலான ராக் இசையான ப்ராக் ராக் இங்கேதான் பிறந்தது, இல்லை, மூடி ப்ளூஸ் குழுவிலேயே பிறந்தாகிவிட்டது என்ற பழைய வழக்கு. எல்லாம் ஓய்ந்தபிறகு, புதிதாகக் கேட்கப்போகிறவருக்கு ஒரு இலவச ஆலோசனை: “நாலாவது பாட்டை மட்டும் ரெண்டரை நிமிஷத்துல தள்ளி விட்டுடுங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாது.”

நாலாவது பாட்டு ‘மூன்சைல்ட்’. மொத்தம் 12 நிமிடம் 11 விநாடி. முதல் இரண்டரை நிமிடம் மெல்லிய, அழகான பாட்டு. அது முடிந்தபின் ஒன்பதரை நிமிடத்துக்கு ராபர்ட் ஃப்ரிப்பின் கிதார், இயன் மெக்டொனால்டின் வைப்ரஃபோன் (உலோகத் தட்டுகளைத் தட்டி வாசிப்பது), மைக்கேல் ஜைல்ஸின் டிரம்ஸ் மூன்றும் மட்டும். தாளக்கட்டு கிடையாது, திரும்ப வரும் மெட்டு கிடையாது. ஒருவர் ஒரு துளி வைக்கிறார். இன்னொருவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த துளி வைக்கிறார். இரண்டாம் பக்கத்தை நிரப்ப ஒப்பேற்றிய சரக்கு என்பதுதான் பரவலான தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு எனக்கு ஒருநாளும் செரித்ததில்லை. அதைவிட உறுத்துவது, 2009-ல் ஃப்ரிப்பே அதில் கத்தரி வைத்ததுதான். 40-ஆம் ஆண்டுப் பதிப்புக்காக இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய பதிவுகளை மறுபடி கலந்து செய்த புதிய மிக்ஸில் ‘மூன்சைல்ட்’ 9 நிமிடமாகக் குறுகிவிட்டது. பெற்றவரே வெட்டியபிறகு அடுத்த வீட்டுக்காரன் வாதாட என்ன இருக்கிறது? இருக்கிறது. குறுகிய பதிப்பில் அடுத்து வரும் தலைப்புப் பாட்டு சற்றுச் சிறுத்து ஒலிக்கிறது. மிக்ஸ் என்னவோ முன்னைவிடத் தெளிவு, அடுக்குகள் எல்லாம் தனித்தனியாகக் கேட்கின்றன. ஆனாலும் அமைதிக்குப் பின் சட்டென்று கதவு திறப்பதுபோன்ற அந்தத் திடுக்கிடல் குறைந்துவிட்டது. காரணத்தைத் தேடிப்போனால் டேப், மோட்டார், ஊசி என்று இறங்கவேண்டியிருக்கிறது.

பின்னணியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 1969 ஜனவரி 13 அன்று லண்டன் ஃபுல்ஹாம் பேலஸ் சாலையில் ஒரு காஃபிக் கடையின் நிலவறையில் ஒத்திகை. ஏப்ரல் 9 அன்று ஸ்பீக்ஈஸி கிளப்பில் முதல் கச்சேரி. ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில், ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால், லட்சக்கணக்கான தலைகள். மூடி ப்ளூஸின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கோடு செய்த பதிவுகள் ஒத்துவரவில்லை. தயாரிப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு, ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஸ்டுடியோவில் ராபின் தாம்சனைப் பொறியாளராக வைத்து முடித்தார்கள். அக்டோபர் 10 அன்று ஆல்பம் வெளியானது. பிரிட்டனில் 5-ஆம் இடம், அமெரிக்காவில் 28. டிசம்பரில் அமெரிக்கப் பயணத்தின் நடுவே மெக்டொனால்டும் ஜைல்ஸும் விலகும் முடிவைச் சொல்லிவிட்டார்கள். முதல் ஒத்திகைக்கு ஒரு வயது ஆகவில்லை, குழு உடைந்துவிட்டது.

எட்டு விநாடி

இந்த ஆல்பத்தின் பிரம்மாண்டத்துக்கு மெலட்ரான்தான் காரணம் என்பார்கள். சரிதான். ஆனால் மெலட்ரானைக் கணினியில் ஒரு பட்டனாக மட்டும் அறிந்தவர்கள், அது எவ்வளவு மூச்சுத்திணறும் பிராணி என்பதை யோசிப்பதில்லை.

பர்மிங்ஹாமில் ஸ்ட்ரீட்லி எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த மார்க் 2 மாடலில் பக்கத்துக்கு 35 விசை, இரண்டு பக்கமும் சேர்த்து 70. ஒவ்வொரு விசைக்கும் அடியில் முக்கால் அங்குலத்தில் பாதி அகலமுள்ள ஒரு டேப் துண்டு. அதில் உண்மையான வயலின்காரர்கள் அந்த ஒரு சுரத்தை வாசித்தது பதிவாகியிருக்கும். விசையை அழுத்தினால் ஒரு ரப்பர் உருளை அந்த டேப்பை, ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும் உலோகத் தண்டின்மேல் அழுத்தும், டேப்பிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் தேய்த்துக்கொண்டு டேப் ஓடும், வயலின் கேட்கும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதை வெடுக்கென்று ஆரம்பத்துக்கு இழுத்துக்கொள்ளும். டேப்பின் நீளம் ஏறக்குறைய 8 விநாடிக்குத்தான். அதற்குமேல் விசையை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது.

8 விநாடி என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 60 அடி போகும் பாட்டில், நான்கு அடி கொண்ட இரண்டு சுற்று. அதற்குள் ஸ்வரக்கூட்டு மாறியாக வேண்டும், அல்லது விரல் மாறியாக வேண்டும். நான்கு விரலால் பிடித்த கூட்டை நீட்டவேண்டுமானால், ஐந்தாவது விநாடியில் ஒரு விரல், ஆறாவதில் இன்னொன்று என்று மாற்றி மாற்றி எடுத்து வைக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுத்தால் வயலின் கூட்டம் மொத்தமும் இருமிவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுபோல இருக்கும். எடுத்த விரலை உடனே அதே விசையில் வைத்தாலும் வம்பு. டேப் முழுதாகத் திரும்பியிருக்காது, பாதியிலிருந்து ஓடும், ஒலியின் தொடக்கம் போய்விடும். அதனால் அனுபவமுள்ளவர்கள் அதே சுரத்துக்குத் திரும்பாமல், கூட்டில் இன்னொரு சுரத்துக்கு ஏறிக்கொள்வார்கள். சிலந்தி நடப்பதுபோல என்று அதற்குப் பெயர்.

பிறகு சுருதி. 35 டேப்பையும் இழுப்பது ஒரே தண்டு, ஒரே மோட்டார். ஏழெட்டு விசையை ஒன்றாக அழுத்தினால் மோட்டாருக்குச் சுமை கூடி வேகம் சொட்டு குறையும். கூட்டு முழுவதும் அரைக்கால் சுருதி இறங்கும். ஒரு ரப்பர் உருளையில் பிசுக்கு ஏறினால் அந்த ஒரு சுரம் மட்டும் நடுங்கும். டேப்பை ஹெட்டோடு ஒட்டவைக்கும் பஞ்சின் அழுத்தம் குறைந்தால் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும். கூடினால் டேப் இழுபட்டுச் சுருதி இறங்கும். இதையெல்லாம் சரிசெய்து, சுமார் 160 கிலோ எடையை வேனில் ஏற்றி அடுத்த ஊரில் இறக்கினால் பாதி டேப் இடம் மாறியிருக்கும்.

‘எபிடாஃப்’பையும் தலைப்புப் பாட்டையும் இந்தக் காதோடு கேட்டால் வேறொன்று புலப்படும். மெலட்ரான் அங்கே எப்போதும் ஒரே கம்பளமாக விரிந்து கிடப்பதில்லை. எழும்புகிறது, அடங்குகிறது, இடம் விடுகிறது. வரி பாடும்போது பின்வாங்கி, வரி முடிந்ததும் ஏறி வருகிறது. கருவியின் ஊனம் பாட்டின் மூச்சாகிவிட்டது. மெக்டொனால்டுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும். அவர் ராணுவ இசைக்குழுவில் ஊதுகருவி வாசித்துப் பழகியவர், எங்கே மூச்சு எடுப்பது என்பது அவருக்குப் பாலபாடம்.

எட்டுத் தடம்

பதிவு நடந்தது ஓர் அங்குல டேப்பில், 8 தடத்தில், அதாவது தனித்தனியாகப் பதியக்கூடிய எட்டு இணைவரிகளில். டிரம்ஸ், பேஸ், கிதார், குரல் என்று வைத்தாலே தடங்கள் தீர்ந்துவிடும். மெலட்ரானின் அடுக்குகள், கோரஸ் குரல்கள், புல்லாங்குழல், சாக்ஸ் எல்லாம் எங்கே போவது? அன்றைக்கு இருந்த ஒரே வழி: நிறைந்த 8 தடத்தையும் கலந்து இன்னொரு டேப்பில் இரண்டு தடமாக இறக்கு, அங்கே 6 தடம் காலியாக இருக்கும், அதில் மறுபடி நிரப்பு. நிறைந்ததும் மறுபடி இறக்கு. இந்த ஆல்பத்தின் சில இடங்கள் இப்படி ஐந்து தலைமுறை டேப்பைத் தாண்டி வந்தவை.

இதில் இரண்டு அபராதம் உண்டு. ஒன்று, இறக்கியதைப் பிரிக்க முடியாது. டிரம்ஸ் கொஞ்சம் குறைவாகிவிட்டது என்று மூன்றாவது தலைமுறையில் தெரிந்தால் அழுதுகொண்டு இருக்கவேண்டியதுதான். இரண்டு, இரைச்சல். ஒவ்வொரு நகலும் தன் பங்குக்கு அதே அளவு ‘ஸ்ஸ்ஸ்’ சேர்க்கும். இரண்டாவது தலைமுறையில் இரைச்சல் 3 டெசிபல் கூடும், நான்காவதில் 6, ஐந்தாவதில் 7. உச்ச ஒலிகளின், அதாவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளின், கூர்மையும் ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் மழுங்கும். மெலட்ரானும் கோரஸும் முழங்கும்போது இரைச்சல் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும். யாருக்கும் தெரியாது.

இப்போது ‘மூன்சைல்ட்’டின் அந்த ஒன்பதரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிய இடமே இல்லை. வைப்ரஃபோனின் ஒரு தட்டு ஒலித்து அணைந்து, அடுத்தது வரும்வரை டேப்பின் மூச்சுதான் கேட்கும். இசைத்தட்டில் என்றால் ஊசியின் கரகரப்பும் சேர்ந்துவரும். பக்கத்தை நிரப்புவதுதான் நோக்கம் என்றால் அவர்களிடம் மேடையில் வாசித்துப் பழகிய சத்தமான சரக்கு கைவசம் இருந்தது; ஹோல்ஸ்டின் ‘மார்ஸ்’ஸையே இடியாக முழக்கிக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, டேப்பும் வினைலும் எதில் பலவீனமோ அந்த மெல்லிய ஒலியை ஒன்பதரை நிமிடத்துக்கு நீட்டுவது சோம்பேறிகள் தேர்ந்தெடுக்கும் குறுக்குவழி அல்ல.

வினைலின் கணக்கும் இதோடு சேரும். இரண்டாம் பக்கத்தில் இரண்டே பாட்டு, மொத்தம் 21 நிமிடம் 33 விநாடி. மெல்லிய இசைக்குக் குழிவரி அதிகம் வளையாது. வரிகளை நெருக்கி வெட்டலாம். அப்படி மிச்சமாகும் இடம் அடுத்து வரும் முழக்கத்துக்குப் போகும். அந்த முழக்கத்துக்கு இடம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அது தட்டின் உள்வட்டத்தில் விழுகிறது. 33⅓ சுற்றில் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வரி விநாடிக்கு 51 செ.மீ. ஓடும், மையத்துக்கு அருகில் 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் திணிக்கவேண்டும். உச்ச ஒலிகள் அங்கே நசுங்கும். ஆல்பத்தின் மிகப் பெரிய பாட்டு மிக மோசமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வரிசையை மாற்றியிருந்தால் ஒலித்தரத்துக்கு நல்லது. மாற்றவில்லை. ஒலித்தரத்தைவிட வரிசை முக்கியம் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.

சாய்ந்த ஹெட்

இவ்வளவு பாடுபட்டு அடுக்கியதைக் கடைசிப் படியில் ஓர் இயந்திரம் கவிழ்த்தது. எல்லாத் தடங்களையும் கலந்து ஸ்டீரியோ மாஸ்டராக, அதாவது எல்லா நகலுக்கும் மூலமாகும் இறுதி டேப்பாக, இறக்கிய ரெக்கார்டரில் ஹெட்டின் நிலை சரியில்லை என்பது ஆல்பம் முடிந்தபிறகுதான் தெரிந்தது. உச்ச ஒலிகள் கரைந்திருந்தன, உருக்குலைவும் சேர்ந்திருந்தது. ‘ஸ்கிட்சாய்ட் மேன்’னில் அது நன்றாகவே கேட்கும்.

டேப் ஹெட்டின் இடுக்கு டேப் ஓடும் திசைக்கு நேர் செங்குத்தாக, 90 டிகிரியில் நிற்கவேண்டும். ஸ்டுடியோக்களின் வழக்கமான வேகம் விநாடிக்கு 38 செ.மீ. அந்த வேகத்தில் 15 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை டேப்பில் பிடிக்கும் இடம் 25 மைக்ரான். தடத்தின் அகலம் 2 மி.மீ. என்று வையுங்கள். பதிந்த ஹெட்டுக்கும் வாசிக்கும் ஹெட்டுக்கும் இடையே கால் டிகிரிக்குச் சற்று மேல், 0.35 டிகிரி சாய்வு வித்தியாசம் இருந்தால் அந்த ஒலி 4 டெசிபல் போய்விடும். முக்கால் டிகிரியை நெருங்கினால் மொத்தமாக அணைந்தேவிடும், தடத்தின் ஒரு ஓரம் அலையின் மேட்டிலும் மறு ஓரம் அடுத்த மேட்டிலும் இருக்க, நடுவில் உள்ளதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். கண்ணால் பார்த்தால் ஹெட் நேராக நிற்பதுபோலத்தான் தெரியும்.

பரிகாரம், வாசிக்கும் ஹெட்டையும் அதே அளவு சாய்ப்பதுதான். இதிலும் ஒரு கண்ணி உண்டு. நேரே 15 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, முள் எங்கே உயர்கிறதோ அங்கே திருகை நிறுத்தினால் பொய்ச் சிகரத்தில் மாட்டிக்கொள்வோம். உண்மையான இடத்துக்கு இருபுறமும் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 10-க்கு ஏறி, இரு தடங்களும் ஒரே நேரத்தில் எழுந்து விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டே போகவேண்டும். இப்படியெல்லாம் சரிக்கட்டினாலும் கரைந்த கூர்மைதான் திரும்பும். பதிவிலேயே ஏறிவிட்ட உருக்குலைவு திரும்பாது.

அமெரிக்க வெளியீட்டுக்காக மாஸ்டரிலிருந்து ஒரு ‘திருத்திய’ நகல் எடுத்தார்கள். அந்த இரண்டாம் தலைமுறை நகலிலிருந்துதான் அதன்பிறகு உலகம் முழுக்க இசைத்தட்டு, கேசட், சி.டி. எல்லாம் பிறந்தன. மூல மாஸ்டர் எங்கோ அலமாரியில் தூங்கியது; தொலைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 2002-ல்தான் கிடைத்தது. முப்பது சொச்சம் வருடம் பலர் மனப்பாடமாகக் கேட்டு, பாணி என்றும் சூழல் என்றும் புகழ்ந்த அந்த மங்கலில் ஒரு பங்கு, சாய்ந்த ஹெட்டின் கைங்கரியம். பின்னால் வந்தவர்கள் அந்த மங்கலையும் சேர்த்தே நகலெடுத்தார்கள் என்பது தனி வேடிக்கை.

கத்தரி

2009 மிக்ஸுக்கு வில்சன் ஸ்டீரியோ மாஸ்டரை நம்பாமல், அதற்கும் முந்தைய பல்தட டேப்புகளுக்குப் போனார். ஒன்றுக்குள் ஒன்று இறக்கிய அடுக்குகளை, இறக்குவதற்கு முந்தைய நிலையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டால் நகலின் இரைச்சலிலிருந்து தப்பிக்கலாம். சொல்வது எளிது. இரண்டு டேப்புகளின் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே 7 நிமிடப் பாட்டின் முடிவில் 0.4 விநாடி விலகிவிடும். கணினியில் துண்டு துண்டாக நகர்த்திப் பொருத்தவேண்டும். பொருத்தியிருக்கிறார். ‘எபிடாஃப்’பில் அந்த நேர்த்தி கேட்கிறது.

அந்த நேர்த்தியின் நடுவேதான் ‘மூன்சைல்ட்’ மூன்று நிமிடத்துக்குமேல் இளைத்தது. வெட்டியதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தப் பகுதி முழுவதும் தங்கம் அல்ல. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருந்து, யாரும் தொடங்காமல் போகும் இடங்கள் இருக்கின்றன. ஃப்ரிப் ஓரிடத்தில் ‘ஒக்லஹோமா’ என்ற பழைய இசை நாடகத்தின் ஒரு மெட்டைக் குறும்பாக எட்டிப் பார்க்கவைக்கிறார். அது சிரிப்பா, சமாளிப்பா என்பது கேட்பவர் மனநிலையைப் பொறுத்தது. நாற்பது வருடம் கழித்துத் தன் தடுமாற்றத்தைத் தானே கேட்கும் வாத்தியக்காரனுக்குக் கை அரிப்பது இயல்புதான்.

ஆனால் அந்தக் காது வாசித்தவரின் காது. தட்டின் பக்கம் வேறு கணக்கில் ஓடுகிறது. முதல் பக்கத்தைக் கவனியுங்கள். ‘ஸ்கிட்சாய்ட் மேன்’ முடிவில் எல்லாக் கருவியும் கூச்சலிட்டு அறுபடுகிறது. மூச்சு விடுவதற்குள் ‘ஐ டாக் டு த விண்ட்’டின் புல்லாங்குழல். சத்தத்திலிருந்து சலனமின்மைக்கு ஒரே தாவல். இரண்டாம் பக்கம் அதை அப்படியே புரட்டிப் போடுகிறது: சலனமின்மையிலிருந்து சத்தத்துக்கு. முதல் பக்கத்தில் தாவலுக்கு முன் ஏழு நிமிட இரைச்சல். இரண்டாம் பக்கத்தில் தாவலுக்கு முன் ஒன்பதரை நிமிட அமைதி. கீழே இறங்கக் கொஞ்ச நேரம் போதும், காதுக்கு அது வலிநிவாரணம். மேலே ஏறுவதற்கு முன் காது தன்னைத் திறந்துகொள்ள நேரம் வேண்டும். முதல் நாலைந்து நிமிடம் “எப்போது முடியும்” என்ற எரிச்சலில் போகும். அது தணிந்தபிறகுதான் சிம்பலின் விளிம்பை ஜைல்ஸ் குச்சி நுனியால் தொடுவதும், வைப்ரஃபோனின் வால் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதும் கேட்கத் தொடங்கும். கத்தரி எடுத்துக்கொண்டது அந்த நேரத்தில் ஒரு பங்கை.

இந்த வழக்கில் ஃப்ரிப்புக்கும் முழு நிச்சயம் இல்லை போலிருக்கிறது. அதே 2009 பதிப்பில் ‘மூன்சைல்ட்’டின் முழு வடிவமும் கூடுதல் பாட்டாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

எடுத்துக்கொண்டதும் விட்டதும்

இந்த ஆல்பத்தின் வாரிசுப் பட்டியல் நீளம். இந்த ஆல்பத்தில் பாடி, பேஸ் வாசித்த கிரெக் லேக் 1970-ல் எமர்சன், லேக் அண்ட் பால்மர் குழுவுக்குப் போனார். பிரம்மாண்டமும் கூடவே போனது, இடைவெளி மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஜெனிசிஸ் குழுவின் டோனி பேங்க்ஸ் கிங் கிரிம்சனிடமிருந்தே ஒரு மார்க் 2 மெலட்ரானை வாங்கி, 1972-ல் ‘வாட்சர் ஆஃப் த ஸ்கைஸ்’ஸின் முகப்பில் தனியாக முழங்கவிட்டார். இத்தாலியில் பி.எஃப்.எம். குழுவுக்கு, கிங் கிரிம்சனுக்குப் பாட்டெழுதிய பீட்டர் சின்ஃபீல்டே ஆங்கில வரிகள் எழுதிக்கொடுத்தார். மெக்டொனால்ட் யாரும் எதிர்பாராதவிதமாக ஃபாரினர் குழுவின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவரானார். 2005-ல் ஓஸி ஆஸ்பர்ன் ‘ஸ்கிட்சாய்ட் மேன்’னைப் பாடினார், 2010-ல் கான்யே வெஸ்ட் ‘பவர்’ பாட்டில் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தார். 2006-ல் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’ படத்தில் தலைப்புப் பாட்டு ஒலித்தது. அட்டையை வரைந்த பேரி காட்பர் மட்டும் இதில் எதையும் பார்க்கவில்லை. கணினி நிரலராக இருந்த அவர் 1970 பிப்ரவரியில் 24 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவர் வரைந்த ஒரே ஆல்பம் அட்டை அது.

பட்டியலைப் பார்த்தால் எல்லாரும் எடுத்துப்போனது இரண்டு பொருள்: ரிஃப், முழக்கம். ‘மூன்சைல்ட்’டை எடுத்தவர் என்று எனக்கு நினைவுக்கு வருவது 1998-ல் வந்த ‘பஃபலோ 66’ படம். பௌலிங் கூடத்தில் கிறிஸ்டினா ரிச்சி தனியாக, அசட்டையாக டாப் நடனம் ஆடும் காட்சியில் அது வருகிறது. அங்கேயும் பாட்டுப் பகுதிதான். ஒன்பதரை நிமிடத்தை அவர்களும் தள்ளிவிட்டார்கள்.

அதன் உண்மையான வாரிசு வேறெங்கோ இல்லை, கிங் கிரிம்சனுக்குள்ளேயே பிறந்தது. 1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாம் கன்சர்ட்கெபௌ அரங்கம். அப்போது குழுவில் ஃப்ரிப் தவிர எல்லாரும் புதியவர்கள். டேவிட் கிராஸின் வயலின், ஜான் வெட்டனின் பேஸ், ஃப்ரிப்பின் மெலட்ரான் மூன்றும் முன்னேற்பாடு இல்லாமல் மெல்ல எதையோ பின்னத் தொடங்கின. டிரம்ஸ் வாசிக்கும் பில் புரூஃபர்ட், யெஸ் குழுவின் புகழை உதறிவிட்டு இங்கே வந்தவர், குச்சிகளை மார்போடு குறுக்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஓர் அடிகூட அடிக்கவில்லை. அந்தப் பதிவு 1974 ஆல்பத்தில் ‘ட்ரியோ’ என்ற பெயரில் வந்தபோது, வாசிக்காத புரூஃபர்ட்டின் பெயரையும் படைத்தவர்களில் ஒருவராகப் போட்டார்கள். அவருடைய பங்களிப்பு, மெச்சத்தக்க அடக்கம். வாசிக்காமல் இருப்பதும் வாசிப்புதான் என்று ஒரு ராக் குழு ராயல்டி பிரித்துக் கொடுத்து ஒப்புக்கொண்ட இடம் அது. ‘மூன்சைல்ட்’டில் மூவரும் நான்கு வருடம் முன்பு தட்டுத்தடுமாறித் தேடியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே தேடலின் தடுமாற்றமும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. இங்கே கண்டுபிடித்தது மட்டும்.

கேட்கிற முறை பற்றி ஒரு வார்த்தை. 2019-லிருந்து இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது. கலந்துகட்டிய ப்ளேலிஸ்ட்டில் ஓடவிட்டால், ஒலியளவைச் சமன்செய்யும் ஏற்பாடு ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக எடைபோடும். மெலிந்த ‘மூன்சைல்ட்’டைத் தூக்கிவிடும், மற்றதைத் தணித்துவிடும். ஒன்பதரை நிமிடத்தின் பயன் அங்கேயே செத்தது. ஸ்பாட்டிஃபையில் ஆல்பமாக, வரிசையாகக் கேட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவு வைக்கும். அந்தச் சமன்செய்யும் ஏற்பாட்டை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒலியளவை ‘ஸ்கிட்சாய்ட் மேன்’னின் முழக்கத்துக்கு ஏற்ப, காது தாங்கும் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். தொடக்கத்தில் அரை நிமிடம் ஒன்றும் கேட்காததுபோல இருக்கும்; அதை நம்பி ஏற்றினால் ரிஃப் வந்து அறையும். பிறகு கடைசிவரை அந்தக் குமிழைத் தொடாதீர்கள். குறிப்பாக ‘மூன்சைல்ட்’டின் நடுவில், “கேட்கவே இல்லையே” என்று கை தானாகப் போகும், அப்போது. பஸ்ஸிலும் நடைப்பயிற்சியிலும் இது வேலைக்காகாது. மின்விசிறிச் சத்தமே அதில் பாதியை விழுங்கிவிடும்.

ஏழாவது நிமிடம் வாக்கில் கிதாரும் வைப்ரஃபோனும் எது எது என்று குழம்பத் தொடங்கும். ஃப்ரிப் தன் ஒலியின் கூர்மையை மழுக்கி வைத்திருப்பதால் அப்படி. பத்தாவது நிமிடத்தில் அறையில் வேறு என்னென்ன சத்தம் இருக்கிறது என்பதெல்லாம் கேட்கும். பன்னிரண்டு தாண்டி, கடைசிச் சுரம் கரைந்து, டேப்பின் ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் ஒரு கணம் நிற்கிறது. உடனே ஜைல்ஸ் டிரம்ஸில் சின்னதாக ஒரு உருட்டு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெலட்ரானின் அத்தனை வயலினும், 8 விநாடிக் கெடுவோடு.